வயித்துக்குள்ள ஒரு ஹாஸ்டல்!

தூங்கா நகரத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு ஹாஸ்டல் பையன் 'பசிக்குதுடா மாப்ள' என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான்... பரோட்டா! கோரிப்பாளையம், சிம்மக்கல், மாட்டுத்தாவணி என்று எந்தப் பக்கம் போனாலும், கல்லில் கொத்துகிற சத்தம் காலைக் கட்டி இழுக்கும். ரெண்டு பேர், ஒரே டேபிள். ஒரே வாளி சால்னா. ஆளுக்கு நாலு. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால், ஒருத்தன் பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கு வந்திருப்பான். இன்னொருத்தன் ஃபர்ஸ்ட் இயர் ஐ.டி. கார்டு போட்டோவில் இருந்த அதே ஈர்க்குச்சி!

குண்டானவனுக்கு நாம் என்ன பேர் வைப்போம், என்னென்ன அட்வைஸ் பண்ணுவோம் என்று சொல்லத் தேவையில்லை. 'வாயைக் கட்டுடா' என்பதுதான் அதில் இருப்பதிலேயே நாகரிகமானது. பாவம், அவன் பதிலுக்கு, 'நான் தண்ணி குடிச்சாலே வெயிட் போடுது மச்சான்' என்பான். மொத்த ரூமும் விழுந்து விழுந்து சிரிக்கும்.

தண்ணி மேட்டர் டுபாக்கூர். அதில் கலோரியே கிடையாது. ஆனால், 'ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சாப்பிடறோம்?' என்று கேட்கிறான் பாருங்கள்... அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. அதே கேள்வியைத் தமிழ்நாட்டிலேயே ஒரு டீம் எடுத்து ஆராய்ச்சி செய்திருக்கிறது.

இது நாலு ஹாஸ்டல் பசங்க பிரச்னை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல சர்வேபடி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் லிஸ்ட்டில் வருகிறார்கள். ஆண்களில் 37 சதவீதம். கிளாஸில் அறுபது பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு ஒண்ணு... மைலேஜ் வேற!

வேலூர் சி.எம்.சி-யில் குடல் மருத்துவ நிபுணர் டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணா, ஆராய்ச்சியாளர் ஆர்.பாலமுருகன் ஆகியோரின் டீம் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 11 முதல் 14 வயது வரை மொத்தம் 28 பசங்க. 15 பேர் குண்டு, 13 பேர் சாதாரண எடை. நேற்று என்ன சாப்பிட்டீங்க, மூணு மாசமா வழக்கமா என்ன சாப்பிடறீங்க என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கலோரி, மாவுச்சத்து, கொழுப்பு, புரதம்... எதை எடுத்துப் பார்த்தாலும் ரெண்டு குரூப்புக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை!

அடுத்து, மலப் பரிசோதனை. (மூக்கைப் பொத்தாதீங்க பாஸ், இனிமேல் இந்தக் கட்டுரையில் அது அடிக்கடி வரும்!) அதிலிருக்கிற டி.என்.ஏ-வை வைத்து முக்கியமான பாக்டீரியா குடும்பங்களை எண்ணினார்கள். நாம் தயிரிலும் விளம்பரத்திலும் கேள்விப்படுகிற லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஒன்றே ஒன்று மட்டும் குண்டுப் பசங்களிடம் தெளிவாக அதிகம். அதன் பெயர் ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி. நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் சுருக்கமாக 'பிராஸ்னிட்சி'.

நான் இன்ஜினீயரிங். பயாலஜியை ஸ்கூலோடு கும்பிடு போட்டு அனுப்பியவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்... மைலேஜ்! ஒரே லிட்டர் பெட்ரோல் போட்டாலும் ஒரு பைக் நாற்பது கிலோமீட்டர் ஓடும், இன்னொன்று அறுபது. நம்மால் செரிக்க முடியாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிற மாவுச்சத்தை இந்த மாதிரி பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன. அதில் கிடைக்கிற எனர்ஜி நம் உடம்புக்குள் திரும்பி வருகிறது. நம் ஒரு நாள் எனர்ஜியில் பத்து சதவீதம் வரைகூட இந்த வழியில் வரலாம். மைலேஜ் அதிகமுள்ள வயிறு, அதே நாலு பரோட்டாவிலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் கறந்துவிடும் என்பது ஒரு விளக்கம்.

28 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. குண்டானதால் அந்த பாக்டீரியா பெருகியதா, பாக்டீரியா பெருகியதால் குண்டானார்களா என்பதும் இந்த ஒரு ஆய்வில் தெரியாது. நம்ம புரொஃபஸர்கள் பாஷையில், கோரிலேஷன் வேற, காஸேஷன் வேற. ஆனாலும் இந்த 28 பேர் ஆய்வைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிராஸ்னிட்சி பின்னால் ஒரு ட்விஸ்ட்டோடு திரும்பி வருவார்.

மெஸ் பந்தி முடிஞ்ச பிறகு...

நம் வயிற்றுக்குள் எத்தனை பாக்டீரியா? இஸ்ரேலின் வெய்ஸ்மன் ஆய்வு நிலையத்தில் 2016-ல் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒரு சராசரி ஆள் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, நம் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. அதாவது, ஹாஸ்டல் நம் பேரில்தான் இருக்கு, ஆனால் மெஜாரிட்டி அவங்க! மொத்த எடை மட்டும் 200 கிராம்தான். அதில் பெரும்பாலானோர் குடியிருப்பது பெருங்குடலில்.

நம் வயிறும் சிறுகுடலும் முதல் பந்தி. சர்க்கரை, மைதா, எண்ணெய், புரதம் எல்லாம் அங்கேயே காலி. கடைசி பந்தியில் இவர்களுக்கு மிஞ்சுவது நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தும், செரிமானத்துக்கு டேக்கா கொடுத்துவிட்டு வருகிற கொஞ்சம் மாவுச்சத்தும்தான். அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று சரக்கு தயாரிக்கிறார்கள். குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் பிரதான சாப்பாடு. இந்த அமிலங்கள் குடலில் உள்ள சில செல்களைத் தட்டி எழுப்ப, அவை ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன்களை விடுகின்றன. 'போதும்டா சாமி, இலையை மூடு' என்று மூளைக்குப் போகிற எஸ்.எம்.எஸ். அதுதான். இன்றைக்கு உலகம் முழுக்க எடை குறைக்கப் போட்டுக்கொள்கிற செமாகுளுடைட் ஊசி இருக்கிறதே, அது இந்த ஜி.எல்.பி-1 மாதிரியே நடிக்கிற மருந்து. நம் குடல் விடுகிற அசல் சரக்கு சில நிமிடங்களில் கரைந்துவிடும், ஊசி ஒரு வாரம் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய வித்தியாசம் அது.

ஆக, மைலேஜ் கொடுக்கிறதும் இவர்கள்தான், பிரேக் போடறதும் இவர்கள்தான். குழப்பமே இங்கேதான் ஆரம்பம்.

கடைசி பந்திக்கு ஒன்றுமே வரவில்லை என்றால்? ஹாஸ்டலில் மெஸ் லீவு விட்டால் என்ன நடக்கும்... சுவரையே பிராண்டுவோம் இல்லையா? நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டு வளர்த்த எலிகளில் பாக்டீரியாக்கள் குடல் சுவருக்குப் பூச்சாக இருக்கும் சளிப் படலத்தையே தின்ன ஆரம்பித்தன. 2016-ல் வந்த ஆய்வு இது. பூச்சு மெலிந்தால் ஒழுகும். சில பாக்டீரியாக்களின் மேல்தோலில் இருக்கிற ஒரு நச்சுப்பொருள் ரத்தத்தில் கசிந்தால், உடம்பு எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, எப்போதும் மெலிதாக ஒரு சண்டையைப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சண்டையில் இன்சுலின் சொல்வதை செல்கள் கேட்காமல் போகும். கொழுப்பு அதிகமான தீனி இந்தக் கசிவை அதிகமாக்குகிறது என்று பெல்ஜியத்தின் லூவெயின் பல்கலைக்கழக விஞ்ஞானி பாட்ரிஸ் கானி 2007-லேயே எலிகளில் காட்டினார். சர்க்கரை வியாதிக்குப் போகிற ரோட்டில் இது ஒரு குறுக்குச் சந்து.

வேலூர்க்காரங்க இந்தப் புளிக்க வைக்கிற வித்தையின் பவரை முன்னமே பார்த்தவர்கள். 2000-ல் காலரா வந்த 48 பேரை மூன்று குரூப்பாகப் பிரித்தார்கள். ஒரு குரூப்புக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல், ஒரு குரூப்புக்கு அதோடு அரிசி மாவு, இன்னொன்றுக்கு எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்க சராசரியாக 91 மணி நேரம் ஆனது. மக்காச்சோளக் குரூப்புக்கு 57 மணி! மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியா அதை அமிலமாக்க, அந்த அமிலம் உப்பையும் தண்ணியையும் உள்ளே இழுத்துக்கொள்ள உதவியிருக்கிறது. அந்தக் கட்டுரை வெளியானது, 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில். அதில் பேர் வருவது, நம்ம பாஷையில் சொன்னால், ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ ஹவுஸ்ஃபுல்!

எலி சொன்ன கதை

எது முதலில் என்ற கேள்விக்கு வருவோம். மனுஷனை வைத்துச் செய்ய முடியாததை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி கார்டன் எலியை வைத்துச் செய்தார். பிறந்ததிலிருந்து ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் கூண்டுக்குள் வளர்ந்த எலிகள். அவற்றுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். 14 நாளில் உடம்புக் கொழுப்பு 60 சதவீதம் ஏறியது. அதுவும், முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே! 2004-ல் வந்த இந்த ரிசல்ட்டுக்குப் பிறகுதான் 'குடல் பாக்டீரியா, உடல்பருமன்' என்ற சப்ஜெக்ட்டே சூடு பிடித்தது.

2013-ல் அதே லேபில் செய்தது இன்னும் சுவாரஸ்யம். இரட்டையர்களில் ஒருவர் குண்டு, இன்னொருவர் ஒல்லி. அப்படி நாலு ஜோடிகளைப் பிடித்து, அவர்கள் மலத்திலிருந்த பாக்டீரியாவைத் தனித்தனி எலிகளுக்கு ஏற்றினார்கள். குண்டு பார்ட்டியின் பாக்டீரியா வாங்கிய எலிக்குக் கொழுப்பு அதிகம் வைத்தது. அப்புறம் ரெண்டு எலிகளையும் ஒரே கூண்டில் போட்டார்கள். எலிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். ஒல்லி எலியின் பாக்டீரியா குண்டு எலிக்குள் குடியேறி, அதைக் குண்டாகாமல் தடுத்துவிட்டது!

அப்படியானால் ஒல்லிப் பையனை ரூம்மேட்டா வெச்சிக்கிட்டா போதுமே என்று யோசிக்கிறீங்கதானே? அங்கேதான் செக். கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து நிறைந்த தீனி போட்டபோது மட்டும்தான் அந்த நல்ல பாக்டீரியா குடியேறியது. கொழுப்பு அதிகம், காய்கறி கம்மி என்று தீனியை மாற்றியதும் குடியேற்றம் கேன்சல். வந்த விருந்தாளிக்குச் சாப்பாடு இல்லை என்றால் எத்தனை நாள் தங்குவார்?

எடை மெஷினுக்குத் தெரியாதது

மனுஷனிடம் வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது, ஆனால் நாம் ஆசைப்படுகிற மாதிரி இல்லை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2012-ல் உடல்பருமனோடு இன்சுலின் கோளாறும் இருந்த 18 ஆண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு ஒல்லியானவர்களின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலைக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்குள் விட்டார்கள். மற்றவர்களுக்கு அவரவர் சரக்கே திரும்ப. (யாரும் வீட்டில் ட்ரை பண்ணாதீங்க. வேறு ஆபத்தான கிருமி தொற்றி உயிரே போகலாம்.) ஆறு வாரத்தில், ஒல்லியானவர்களின் சரக்கு வாங்கியவர்களுக்கு இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தது. எடை? குறையவில்லை. அதே டீம் 2017-ல் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, 18 வாரத்தில் அந்த நல்ல மாற்றமும் மறைந்துவிட்டது. பழைய ஹாஸ்டல் வாசிகள் திரும்ப வந்து ரூமைப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த ஹீரோ அக்கர்மான்சியா மியூசினிஃபிலா. 2004-ல் நெதர்லாந்தில் கண்டுபிடித்து, அந்நாட்டு நுண்ணுயிர் விஞ்ஞானி அக்கர்மன்ஸ் பேரை வைத்தார்கள். சளிப் படலத்தைத் தின்றே வாழ்கிற ஆசாமி, ஆனால் தின்னத் தின்ன புதுப் பூச்சு போட வைக்கிற வகை. கானியின் டீம் 2019-ல் அதிக எடையும் இன்சுலின் கோளாறும் உள்ளவர்களுக்குத் தினம் 1,000 கோடி வீதம் மூன்று மாதம் கொடுத்தது. கடைசி வரை நின்ற 32 பேரின் கணக்கில், இன்சுலின் நன்றாக வேலை செய்தது, கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியது. எடை சராசரியாக ரெண்டு கிலோ சொச்சம் குறைந்த மாதிரி தெரிந்தாலும், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற லெவல்தான்.

இதில் காமெடி என்னவென்றால், உயிரோடு கொடுத்த பாக்டீரியாவைவிட, 70 டிகிரியில் சூடாக்கிக் கொன்று கொடுத்ததுதான் நன்றாக வேலை செய்தது! அதன் வெளித்தோலில் உள்ள ஒரு புரதம் அந்தச் சூட்டைத் தாங்குகிறதாம். செத்தும் கொடுத்த சீதக்காதி என்று படித்தது இப்படியா ஞாபகம் வரவேண்டும்!

ரெண்டு சோதனையிலும் ஒன்றைக் கவனிச்சீங்களா? எடை மெஷின் முள் பெரிசாக அசையவில்லை. உள்ளே ரத்தத்தில் நிலைமை மாறியிருக்கிறது. நமக்கு, அதாவது இந்தியர்களுக்கு, இது ரொம்ப முக்கியம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் போட்டார்கள். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் உடல்பருமன் என்று தனிக் கோடு போட்டிருக்கிறார்கள். 2023-ல் சென்னை டாக்டர் மோகன் டீம் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், சர்க்கரை வியாதிக்காரர்கள் 10.1 கோடி. ஆக, நாலு பரோட்டா தின்றும் ஈர்க்குச்சியாகவே இருக்கிற நண்பா... நீ சேஃப் என்று யாரும் சொல்லவில்லை. இடுப்பில் டேப் வைத்துப் பார். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80... அதைத் தாண்டினால் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு நேரம் ஒதுக்கலாம்.

பாகற்காய் புரொஃபஸர்

இப்போது ட்விஸ்ட். சீனாவில், ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகத்தில் லிபிங் ஜாவோ என்று ஒரு புரொஃபஸர். கார்டனின் எலிக் கதையைப் படித்துவிட்டு, தன் தொப்பையையே லேப் ஆக்கினார். முழு தானியம், பாகற்காய், சீனத்து மலைக்கிழங்கு என்று சாப்பிட ஆரம்பித்தார். ரெண்டு வருஷத்தில் 20 கிலோ காலி! ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாம் இறங்கியது. அவருடைய குடலில் முதலில் கண்ணுக்கே தெரியாத அளவில் இருந்து, கடைசியில் 14.5 சதவீதமாகப் பெருகிய பாக்டீரியா எது தெரியுமா?

நம்ம வேலூர் பிராஸ்னிட்சி!

வேலூரில் குண்டுப் பசங்களிடம் அதிகமாக இருந்த அதே ஆசாமி, ஷாங்காயில் இளைத்த புரொஃபஸரிடம் அதிகமாகிறார். அழற்சியைக் குறைக்கிற நல்லவர் என்றுதான் அவருக்கு உலகம் முழுக்கப் பேர். ஊர், வயசு, சாப்பாடு மாறினால் ஒரே பாக்டீரியாவின் ரோல் மாறுகிறது. ஒரு படத்தில் ஹீரோ, இன்னொன்றில் வில்லன்! உடல்பருமன் உள்ளவர்களிடம் இந்தக் குடும்பம் அதிகம், அந்தக் குடும்பம் கம்மி என்று ஆரம்பத்தில் போட்ட கணக்கும், 2016-ல் பத்து ஆய்வுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது நொண்டியடித்தது.

ஜாவோ ஒரு 174.8 கிலோ இளைஞரையும் கவனித்தார். அவர் குடலில் என்டரோபாக்டர் என்ற இனம் மட்டும் 35 சதவீதம்! முழு தானியமும் நார்ச்சத்தும் கலந்த உணவில் 23 வாரத்தில் 51.4 கிலோ குறைந்தார். என்டரோபாக்டரும் காணாமல் போனது. அதைப் பிரித்தெடுத்து பாக்டீரியா இல்லாத எலிக்குக் கொடுத்து, கொழுப்புத் தீனியும் போட்டதும், எலி குண்டாகி இன்சுலின் கோளாறும் வந்தது. ஒரே ஒரு ஆள்தான், சரி. ஆனால் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த கதை இது.

இதையெல்லாம் படித்த பிறகு, 'நல்ல பாக்டீரியா, 30 நாளில் 10 கிலோ குறையும்' என்று போனில் வந்து விழுகிற கேப்ஸ்யூல் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வருகிறது. பாக்கெட் மணியைச் சேர்த்து வைத்து அதை வாங்குகிறவர்கள் எந்த ஹாஸ்டலிலும் நாலு பேர் இருப்பார்கள், பெரும்பாலும் கிண்டலுக்குப் பயந்துதான். வேலூர் டீம் எண்ணியதில் லாக்டோபேசிலஸும் பிஃபிடோபாக்டீரியமும் குண்டு, ஒல்லி ரெண்டு தரப்பிலும் சமமாகத்தான் இருந்தன என்பதை ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் அந்தக் கோஷ்டிதான்.

மதுரை மெனு

சரி, கடைசி பந்திக்கு என்ன போடலாம்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் போட்ட அட்டவணைப்படி 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 2.76 கிராம். வெள்ளை அரிசியில் 2.81. பரோட்டாவைத் திட்டுகிற அரிசிச் சோறு பார்ட்டிகள் அடக்கி வாசிக்கவும்! கம்பில் 11.49, கேழ்வரகில் 11.18. அதாவது நாலு மடங்கு. உசிலம்பட்டி, மேலூர் பக்கத்திலிருந்து வந்த பசங்களுக்குத் தாத்தா-பாட்டி சாப்பாடு இது. பேரையூர் பக்கம் இன்னமும் குதிரைவாலி விளைகிறது. வெயில் காலத்தில் மதுரைத் தெருவில் தள்ளுவண்டிக் கம்பங்கூழும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் கிடைக்கும். அந்த வெங்காயத்திலும் பாக்டீரியாவுக்குப் பிடித்த நார்ச்சத்து இருக்கு, யாரும் வெங்காயத்தைத் தனியே ஒதுக்காதீங்க.

ஊரும் சாப்பாடும் மாறினால் ஹாஸ்டல் வாசிகளும் மாறுவார்கள். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன ஹமாங், கரென் இனப் பெண்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். நார்ச்சத்தைச் செரிக்கிற பிரிவோடெல்லா வகை குறைந்து, அமெரிக்கர்களிடம் இருக்கிற வகை ஏறியது. எடையும் ஏறியது. அதே பிரிவோடெல்லாதான் போபால்வாசிகளின் குடலில் ராஜா என்று 2019-ல் வந்த ஓர் இந்திய ஆய்வு சொல்கிறது. விமானம் ஏறினால்தான் இப்படி ஆகும் என்றில்லை. கிராமத்திலிருந்து பஸ் ஏறி ஹாஸ்டலுக்கு வந்து, ராத்திரிச் சாப்பாட்டை மைதாவுக்கு மாற்றினாலும் இதே திசைதான் என்பது என் சந்தேகம். மெனுவை மாற்றினால் ஐந்தே நாளில் குடல் கூட்டணி மாற ஆரம்பிப்பதை 2014-லேயே பார்த்துவிட்டார்கள்.

பழைய சோறு? அதற்கு ஒரு ரசிகர் மன்றமே இருக்கு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை அதைக் குடல் நோயாளிகளுக்காக ஆராய்ச்சிக்கே எடுத்தது. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, செரிக்காத வகையாக மாறும். ஆனால் 2015-ல் இந்தோனேசியாவில் அளந்தபோது, சூடான சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது, ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி சூடாக்கியபோது 1.65 கிராம். கூடியிருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு நமக்கு வேண்டிய நார்ச்சத்து முப்பது கிராம் அளவு. பழைய சோற்றை ஆசையாகச் சாப்பிடுங்கள், அதை மட்டும் நம்பாதீங்க. இட்லி விஷயத்தில் ஒரு சோகச் செய்தி... மாவைப் புளிக்க வைத்த பாக்டீரியா எல்லாம் ஆவியில் காலி. மோர் பரவாயில்லை, உயிரோடு வரும். 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரைப் பத்து வாரம் பார்த்ததில், புளித்த உணவுகளைத் தினம் நிறைய சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடி, ரத்தத்தில் அழற்சி அடையாளங்கள் குறைந்தன.

கறி தோசைப் பிரியர்கள் இந்நேரம் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். நில்லுங்க! வேலூர் டீம் 2012-ல் தென்னிந்திய இளம்பெண்கள் 56 பேரை ஆராய்ந்தது. பியூட்டிரேட் தயாரிக்கிற பாக்டீரியா சைவக்காரர்களைவிட அசைவமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம்தான் அதிகம்! அதைக் காரணம் காட்டி தினம் மட்டன் சுக்கா கேட்டால் வீட்டில் அடி விழும். ஆனால் கறியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. கறி பக்கத்தில் தட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதுதான் மேட்டர். அவித்த தட்டைப்பயறு, சுண்டல், கீரை, அவரை... மெஸ் கமிட்டியில் யாராவது இருந்தால், வாரத்தில் ரெண்டு நாள் சுண்டல் என்று தீர்மானம் போட முடியுமா பாருங்கள். கேப்ஸ்யூலைவிடச் சத்தியமாக மலிவு.

சர்க்கரை, தைராய்டு, பி.சி.ஓ.எஸ். என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூழை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. திடீரென எடை ஏறினாலும் டாக்டரிடம்தான் போகணும், ரூம் நண்பர்களிடம் இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே மூணு வேளையும் கம்பு, சுண்டல் என்று இறங்கிடாதீங்க. பட்டினி கிடந்த பாக்டீரியாவுக்குத் திடீரென விருந்து வைத்தால் அவை கொண்டாட்டமாக கேஸ் தயாரிக்கும். முதல் வாரம் ஒரு கைப்பிடி, அடுத்த வாரம் ரெண்டு, கூடவே நிறையத் தண்ணி என்று மெதுவாக ஏற்றுங்கள். ரூம் ஜன்னல் ஒழுங்காகத் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ரூம்மேட் நல்லவன்தான், ஆனால் அவன் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு!